உண்டியல் பிடித்தவருக்குப் பொறுப்பு இல்லையா?

"அக்கா, நம்ம பக்கத்தைத் தூக்கிட்டாங்க."

காலை ஆறரை மணிக்கு ஒரு சட்டக் கல்லூரி மாணவன் போனில் சொன்னது இது. வன்கொடுமை வழக்கு ஒன்றில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்காக இணையத்தில் நிதி திரட்டிக்கொண்டிருந்தோம். பெரிய தொகை ஒன்றுமில்லை. சாட்சி சொல்ல ஆறு பேர் நீதிமன்றத்துக்குப் போய் வர வேண்டும். ஆறு பேரும் அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள். ஒரு வாய்தாவுக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி சாட்சிகளுக்குப் பயணப்படி, உணவுப்படி எல்லாம் அரசே தர வேண்டும். விதியில் இருக்கிறது, கைக்கு வருவதில்தான் தாமதம். அதனால்தான் உண்டியலைக் கையில் எடுத்தோம்.

மூன்றாம் நாள் அந்தத் தளத்திலிருந்து இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. எங்கள் பக்கம் அவர்களுடைய வழிகாட்டுதல்களை மீறுகிறதாம். எந்த வழிகாட்டுதல், எந்த வரி மீறல், புகார் என்ன என்று எதுவும் சொல்லவில்லை. விளக்கம் கேட்டு எழுதினோம். பதில் இல்லை. பிறகுதான் காதுக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் எந்தச் சாதி என்று எழுதியிருந்தோம். 'எங்கள் மனம் புண்பட்டுவிட்டது' என்று சிலர் கூட்டமாகப் புகார் தட்டியிருக்கிறார்கள்.

அதே வாரம் அதே வட்டாரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் சுற்றியது. சாதிச் சங்கத்தின் கொடி, நடுவில் ஒரு கியூஆர் கோடு. சிறையில் இருக்கும் 'நம் இனத்துச் சிங்கங்களுக்கு' அள்ளிக் கொடுங்கள் என்று மேலே எழுதியிருந்தது. அது யாருடைய மனதையும் புண்படுத்தவில்லை. யாரும் அதைத் தூக்கவும் இல்லை.

அன்று மாலை நாங்கள் பத்துப் பேர் உட்கார்ந்து பேசியபோது இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டோம். தளங்கள் எதையுமே நீக்கக் கூடாது, நீக்கும் அதிகாரத்தைக் கொடுத்தால் அது முதலில் நம் தலையில்தான் விழும் என்றது ஒரு கட்சி. சாதி வெறியைப் பரப்பும் எல்லாவற்றையும் நீக்கச் சொல்லிப் போராட வேண்டும், கருத்துச் சுதந்திரம் என்பதெல்லாம் ஆதிக்கச் சாதிக்காரன் போட்டுக்கொள்ளும் முகமூடி என்றது மறு கட்சி. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி இரண்டிலும் ஆபத்தானது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வெறும் தபால்காரரா?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. மக்களிடம் நிதி திரட்டும் தளங்களில் பெயர்பெற்ற அமெரிக்காவின் கிக்ஸ்டார்ட்டர் 2013 ஜூன் மாதத்தில் இதே சுவரில் முட்டிக்கொண்டது. பெண்களை 'வளைப்பது' எப்படி என்று ஆண்களுக்குக் கற்றுக்கொடுக்கும் புத்தகம் ஒன்றை அச்சிட ஒருவர் அங்கே பணம் கேட்டார். அவர் கேட்டது 2,000 டாலர். சேர்ந்தது 16,000 டாலருக்கும் மேல். அந்தப் புத்தகத்துக்கான பகுதிகளை அவர் ரெட்டிட் தளத்தில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். பெண்ணிடம் சம்மதம் கேட்காதே, நீயே தொடு, நீயே அவள் கையைப் பிடித்து இழு என்ற ரீதியில் அதில் அறிவுரைகள் இருந்தன. பாலியல் அத்துமீறலுக்குப் பாடநூல் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

கெடு முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது விஷயம் நிறுவனத்தின் காதுக்குப் போனது. அவர்கள் பக்கத்தை நிறுத்தவில்லை. பணம் கைமாறியது. கண்டனம் வெடித்த பிறகு, தாங்கள் செய்தது தவறு என்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்கள். அந்த வகைப் புத்தகங்களுக்குத் தடை விதித்தார்கள். பாலியல் வன்முறைக்கு எதிராக இயங்கும் அமைப்பு ஒன்றுக்கு 25,000 டாலர் கொடுத்தார்கள்.

மன்னிப்புக் கேட்டதே பெரிது என்று பலர் அன்று பாராட்டினார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறு ஒன்றை. அந்தக் காலத்தில் கிக்ஸ்டார்ட்டரில் எந்தத் திட்டமும் தானாக ஏறிவிடாது. ஊழியர் ஒருவர் பார்த்து அனுமதித்த பிறகுதான் ஏறும். இலக்கை எட்டிய ஒவ்வொரு திட்டத்திலும் நிறுவனம் 5 சதவீதம் எடுத்துக்கொள்ளும். கணக்குப் போட்டால் அந்தப் புத்தகத்தில் அவர்கள் பங்கு சுமார் 800 டாலர்.

'நாங்கள் வெறும் மேடை, பேசுவது பிறர்' என்று எல்லாத் தளங்களும் ஒரே பல்லவியைப் பாடுகின்றன. தபால்காரர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதில்லை, அதனால் கடிதத்தில் இருப்பதற்கு அவர் பொறுப்பில்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மணியார்டரில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் தனக்கு எடுத்துக்கொண்டு, எந்த மணியார்டரை ஏற்பது எதைத் திருப்பி அனுப்புவது என்பதையும் தானே முடிவு செய்து, அதிகம் பணம் சேரும் முகவரியைத் தெருமுனையில் தட்டி கட்டி விளம்பரமும் செய்கிறவருக்குப் பெயர் தபால்காரர் இல்லை. அவர் பங்காளி. பங்கு வாங்கியவர் பழியிலும் பங்கு வாங்கத்தான் வேண்டும்.

நம் ஊர்த் திருவிழா வசூலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. ஊர் வரி என்பது வெறும் பணமா? யாரிடம் வரி வாங்குகிறார்கள், யாரிடம் வாங்க மறுக்கிறார்கள் என்பதில்தான் ஊர் யாருடையது என்ற தீர்ப்பே இருக்கிறது. சேரிக்காரரிடம் வரி வாங்கினால் கோயிலில் அவருக்கு உரிமை வந்துவிடும் என்பதற்காகவே வாங்க மறுக்கும் ஊர்கள் இன்றும் உண்டு. வசூல் நோட்டு நடுநிலையானது என்று நம்மிடம் யாரும் கதை சொல்ல முடியாது.

ஐந்நூறு ரூபாய் என்ன பேசுகிறது?

2014 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞரை டேரன் வில்சன் என்ற வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி சுட்டுக் கொன்றார். சில நாட்களிலேயே கோஃபண்ட்மீ தளத்தில் அந்த அதிகாரிக்காகப் பணம் குவிந்தது. இரண்டு பக்கங்களில் சேர்ந்தது 4 லட்சம் டாலருக்கும் மேல். பணத்தோடு கூடவே கொடூரமான நிறவெறிப் பின்னூட்டங்களும் வந்தன. தளம் என்ன செய்தது? மோசமான பின்னூட்டங்களை நீக்கியது. வசூலைத் தொடரவிட்டது. வார்த்தையைத் துடைத்துவிட்டுக் காசை வைத்துக்கொள்வதற்குப் பெயர் சுத்தமா?

இங்கே 2017 டிசம்பர் 6 அன்று, பாபாசாகேப் நினைவு நாளில், ராஜஸ்தானின் ராஜ்சமந்தில் அஃப்ரசுல் என்ற தொழிலாளி வெட்டி எரிக்கப்பட்டார். மேற்கு வங்கத்தின் மால்டாவிலிருந்து பிழைக்கப் போன முஸ்லிம் அவர். கொன்றவர் அதைக் காணொளியாக எடுக்கச் செய்து பரப்பினார். அடுத்த சில நாட்களில் கொன்றவருடைய மனைவியின் வங்கிக் கணக்கு எண் சமூக ஊடகங்களில் சுற்றியது. நாடு முழுவதிலுமிருந்து 500க்கும் மேற்பட்டவர்கள் ஏறக்குறைய 3 லட்சம் ரூபாய் போட்டார்கள். பிறகு காவல்துறை அந்தக் கணக்கை முடக்கியது.

கொன்ற சம்புலால் ரேகர் ராஜஸ்தானில் பட்டியல் சாதியாக உள்ள சமூகத்தில் பிறந்தவர். அதை மறைத்துவிட்டு இதை எழுதினால் நான் நேர்மையற்றவள் ஆவேன். வெறுப்புக்குக் கூலி கொடுக்க ஆள் இருந்தால் அந்தக் கூலியை வாங்க நம் வீட்டிலிருந்தும் ஒருவன் போவான் என்பதுதான் அந்தச் சம்பவம் நமக்குச் சொல்லும் பாடம். அந்த 500 பேரும் அஃப்ரசுலைத் தொட்டதில்லை. ஆனால் அடுத்து வெட்ட நினைப்பவனுக்கு, உன் குடும்பத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆளுக்கு ஒரு கையெழுத்துப் போட்டார்கள். வெறும் பேச்சுக்கும் வசூலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். பேச்சு காற்றோடு போகலாம். வசூல் ஆளைச் சேர்க்கிறது, எண்ணிக் காட்டுகிறது, அடுத்த வேலைக்கு முதல் போடுகிறது.

ஆகவே, எதையும் நீக்கக் கூடாது என்ற தோழர்களுக்கு என் பதில் இது. ஒருவனுக்குப் பேச உரிமை உண்டு. அவன் பேச்சுக்கு உண்டியல் பிடிக்கும் கடமை இன்னொருவருக்கு இல்லை. அரசியல் சாசனத்தின் 19(1)(அ) அரசு அவன் வாயைப் பொத்தாமல் இருக்கத்தான் முதன்மையாக இருக்கிறது. நிறுவனம் ஒன்று அவனுக்காக 5 சதவீதத்தில் கல்லா கட்ட வேண்டும் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

புண்பட்ட மனங்களின் ஆட்சி

இப்போது அடுத்த கட்சிக்கு வருகிறேன். 'புண்படுத்தும் திட்டங்களை நீக்கு' என்று கேட்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. புண்பட்டது யார் என்று யார் தீர்மானிப்பது?

1936இல் லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. சாதியை ஒழிக்கப் புறப்பட்ட சங்கம் அது. உரையின் படியைப் பார்த்ததும் அவர்களுக்கு மனம் புண்பட்டது. சில பகுதிகளை எடுத்துவிடச் சொன்னார்கள். அவர் மறுத்தார். மாநாட்டையே ரத்து செய்தார்கள். அவர் தன் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்டார். இன்று நாம் படிப்பு வட்டங்களில் வரி வரியாக வாசிக்கும் 'சாதி ஒழிப்பு' அப்படித்தான் நம் கைக்கு வந்தது. 'புண்படுத்துகிறதா' என்பதுதான் அளவுகோல் என்றால் முதலில் நீக்கப்பட வேண்டிய நூல் அதுதான்.

அன்று அவருக்கு அச்சகம் இருந்தது. இன்று அச்சகமும் தெருவும் சந்தையும் கல்லாவும் நான்கைந்து நிறுவனங்களின் கையில். 2010 டிசம்பரில் விக்கிலீக்ஸுக்கு மக்கள் அனுப்பிய நன்கொடையை விசா, மாஸ்டர்கார்டு, பேபால் மூன்றும் அடுத்தடுத்து நிறுத்தின. எந்த நீதிமன்றமும் அப்படி உத்தரவிடவில்லை. கதவைச் சாத்தும் அதிகாரம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, நாம் புதிதாகக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த அதிகாரத்துக்குக் கணக்குக் கேட்பதுதான் நம் வேலை.

அதே கிக்ஸ்டார்ட்டரில் 2018இல் நடந்ததையும் பாருங்கள். நாஜிகளைக் குத்துவதைப் பற்றிய ஒரு சித்திரக்கதைப் புத்தகம் நிதி கேட்டு வந்தது. நிறுவனத்தில் திட்டங்களைச் சரிபார்க்கும் ஊழியர்கள் பார்த்து, இதில் தவறில்லை என்று அனுமதித்திருந்தார்கள். இது வன்முறையைத் தூண்டுகிறது, விதிமீறல் என்று பிரைட்பார்ட் என்ற வலதுசாரித் தளம் எழுதியது. நிர்வாகம் புத்தகத்தை நீக்க முடிவு செய்தது. 2013இல் பெண்களைத் துன்புறுத்தப் பாடம் எடுத்தவருக்கு இரண்டு மணி நேரத்தில் முடிவெடுக்கத் திணறிய அதே நிறுவனம்தான். ஒடுக்குகிறவனை எதிர்க்கும் கையும் ஒடுக்குகிற கையும் விதிப் புத்தகத்தில் ஒன்றாகவே தெரிகின்றன. எங்கள் பக்கத்துக்கு நடந்ததும் இதுதான். குற்றவாளியின் சாதியைச் சொன்னது 'பகைமை' ஆகிவிட்டது. சாதியைச் சொல்லி அடித்தது வழக்கு எண்ணாக மட்டும் நின்றுவிட்டது.

அளவுகோலை மாற்றுவோம்

ஆகவே நாம் கேட்க வேண்டியது 'புண்படுத்துவதை நீக்கு' என்பதல்ல. தீங்கை நீக்கு, காரணத்தைச் சொல் என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

நம் சட்டத்துக்கே இந்த வேறுபாடு தெரியும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 'எரிச்சலூட்டுவது', 'அருவருப்பானது' என்பது போன்ற எல்லையில்லாத சொற்களைக் குற்றமாக்கி வைத்திருந்தது. 2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. விவாதிப்பது, வாதிடுவது, தூண்டிவிடுவது என்று மூன்றையும் பிரித்துப் பார்த்தது அந்தத் தீர்ப்பு. முதல் இரண்டும் எவ்வளவு கசந்தாலும் உரிமை, மூன்றாவதில்தான் சட்டம் தலையிடலாம். இன்னொரு பக்கம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(யு) பிரிவு பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது பகையும் வெறுப்பும் வளர்க்கும் பேச்சை, எழுத்தை, காட்சியைக் குற்றமாக்குகிறது. இந்தச் சட்டம் யாருக்காக என்று பாருங்கள். கை மேலிருந்து கீழே ஓங்குகிறதா, கீழிருந்து தடுக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த சட்டம் அது. தளங்களின் விதிகளுக்கு இல்லாத கண் அதற்கு இருக்கிறது.

இந்த அளவுகோலை நமக்கும் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தச் 'சிங்கங்கள்' நோட்டீஸைப் பார்த்ததும் அவர்களுக்கு ஒரு பைசாகூடப் போகக் கூடாது என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. இரண்டு நாள் தூக்கமில்லை. பிறகு யோசித்தேன். குற்றம் சாட்டப்பட்ட எவருக்கும் வக்கீல் வைக்க உரிமை உண்டு. அதற்குப் பணம் திரட்டுவதையே தடை செய்தால், வன்கொடுமைப் புகார் கொடுத்ததும் எதிர்ப் புகாரில் உள்ளே தள்ளப்படும் நம் பையன்களுக்கு யார் வக்கீல் வைப்பது? எனவே வழக்குச் செலவுக்குக் கேட்பதைத் தடுக்கச் சொல்ல மாட்டேன். கொலையையும் வன்கொடுமையையும் வீரம் என்று கொண்டாடி, பாதிக்கப்பட்டவர்களை இழிவுபடுத்தி, அடுத்தவனுக்கு ஆசை காட்டும் வசூலைத் தடுக்கச் சொல்வேன். கோடு மெல்லியதுதான். அதைப் போட மாட்டேன் என்பவருக்கு உண்டியல் நடத்தத் தகுதியில்லை.

தளங்களிடம் நான் வைக்கும் கோரிக்கைகள் நான்கு.

முதலாவது, விதியில் சாதியை எழுதுங்கள். இனம், மதம், பாலினம் என்று அடுக்கிக்கொண்டே போகும் விதிகளில் சாதி என்ற சொல் இருக்கிறதா என்று ஒவ்வொரு தளத்திலும் தேடிப் பாருங்கள் தோழர்களே. இல்லாத இடத்தில் கேள்வி எழுப்புங்கள்.

இரண்டாவது, நீக்கினால் எந்த விதி, எந்த வரி என்று எழுத்தில் சொல்லுங்கள். மேல்முறையீட்டுக்கு வழியும் கெடுவும் வையுங்கள். நூறு புகார் வந்ததாலேயே ஒரு பக்கம் குற்றமாகிவிடாது. நூறு பேர் சேர்ந்து கல்லெறிவது நம் ஊரில் புதிதல்ல.

மூன்றாவது, நம் மொழியும் நம்மைத் திட்டும் வசைகளும் தெரிந்தவர்களைப் பரிசீலனைக்கு வையுங்கள். எங்கோ உட்கார்ந்திருப்பவருக்கு 'சிங்கம்' என்பது வெறும் விலங்கின் பெயர்தான்.

நான்காவது, தீங்கான திட்டம் என்று ஒப்புக்கொண்டு நீக்கினால், அதில் எடுத்த பங்கைப் பையில் வைத்துக்கொள்ளாதீர்கள். எவ்வளவு எடுத்தீர்கள், எங்கே கொடுத்தீர்கள் என்று ஊரறியச் சொல்லுங்கள்.

'இங்கே தடுத்தால் வேறு தளத்துக்குப் போவான்' என்பார்கள். போகட்டும். ஒரு டீக்கடையில் இரட்டைக் குவளையை ஒழித்தபோது, அடுத்த ஊர்க் கடையில் இருக்கிறதே என்று நாம் விட்டுவிட்டோமா? நம் கண்முன் இருக்கும் கடையில் முதலில் ஒழிப்போம்.

நீங்கள் செய்யக்கூடியது

2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இணைய இடைநிலை நிறுவனங்கள் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, விதியில் உள்ள கெடுவுக்குள் தீர்வு சொல்ல வேண்டும். நாங்கள் முதல் மின்னஞ்சலைத் தளத்தின் பொது முகவரிக்கு அனுப்பி ஏமாந்தோம். நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள். அதிகாரியின் பெயரைத் தேடி எடுத்து எழுதுங்கள். நீக்கப்பட்ட பக்கத்தின் திரைப் பிரதியை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். வெறுப்பு வசூல் கண்ணில் பட்டால் பகிர்ந்து திட்டுவதற்கு முன் பிரதி எடுத்து, தேதி, நேரம் குறித்து, புகார் கொடுங்கள். கோபத்தில் பகிர்வது அவனுக்கு இலவச விளம்பரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நாஜி எதிர்ப்புப் புத்தகம் கடைசியில் என்ன ஆனது தெரியுமா? நீக்கப்படவில்லை. உள்ளே வேலை பார்த்த ஊழியர்கள் எதிர்த்து நின்றார்கள். நிர்வாகம் பின்வாங்கியது. அந்த மோதலில் சூடு பிடித்த பேச்சு தொழிற்சங்கம் அமைக்கும் வேலையாக வளர்ந்தது. 2019இல் முன்னணியில் நின்ற இருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஆனாலும் 2020 பிப்ரவரியில் 46க்கு 37 என்ற வாக்கில் சங்கம் வென்றது. பூட்டைத் திறந்தது உள்ளே இருந்தவர்கள்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் நாளை சென்னையிலோ பெங்களூரிலோ இப்படி ஒரு நிறுவனத்தில் புகார்களைப் பரிசீலிக்கும் நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள். ஆறு கூலித் தொழிலாளிகள் சாட்சி சொல்லப் போக பஸ் காசு கேட்கும் பக்கம் ஒன்று உங்கள் திரைக்கு வரும். அதன் மேல் நூறு புண்பட்ட மனங்களின் புகார்களும் வரும். அன்றைக்கு நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்?

எங்கள் சாட்சிகள் ஆறு பேரும் போன வாய்தாவுக்குப் போய் வந்தார்கள். கல்லூரி வாசலில் தகர டப்பாவில் துளை போட்டு, இரண்டு நாள் வெயிலில் நின்று குலுக்கினோம். அந்த உண்டியலைத் தூக்க எந்த மின்னஞ்சலும் வரவில்லை. அடுத்த வாய்தா வருகிறது. மறுபடியும் நிற்போம். ஆனால் தகர டப்பாவோடு நிறுத்திக்கொள்ள மாட்டோம். அந்தத் தளத்திடம் எங்கள் கேள்விக்குப் பதில் வரும்வரை எழுதிக்கொண்டே இருப்போம்.

ஜெய் பீம்.